மிளகாய் மில் மாடியில் மூடாத பெட்டி

சத்தியம். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலை என் காபியில் சீனிக்குப் பதில் உப்பு விழட்டும். கோவில்பட்டிக் கரிசல் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நல்லது.

வெயிலுமுத்து கேட்டார்:

“டீச்சர், கையில இருக்கிறது கொஞ்சம். கம்ப்யூட்டருக்கு எதை முதல்ல வாங்கணும்?”

அவர் தும்மி முடிக்கட்டும் என்று டீச்சர் காத்திருந்தார்.

அந்த இடம் அப்படி. கீழே மிளகாய் அரைக்கும் மில். மேலே தகரம் போட்ட மாடி. படியில் கால் வைத்ததுமே தும்மல் பிடித்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் மேலே வந்து சேர்வதற்குள் தும்மித் தும்மியே பின்னால் போய்த் தெருவில் நிற்பார்கள். அந்தக் கூரை மேல் பறந்த ஒரு காக்கை சிவப்பாகிவிட்டது என்று ஊரில் பேச்சு. அது ஒன்றைத்தான் நான் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் பார்த்தேன்.

அந்தப் புழுக்கத்தில், அந்தப் பொடியில், தும்மாமல் உட்கார்ந்திருப்பவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். செண்பகவல்லி டீச்சர்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் சாக்பீஸ் பிடித்ததில்லை. வயது வெயிலுமுத்துவின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் ஊரே அவரை டீச்சர் என்றது. அவரும் அதை மறுத்ததில்லை. தனக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரிந்தவர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது.

யார் வேண்டுமானாலும் பாகங்களை வாங்கி வரலாம். அந்த மாடியில் உட்கார்ந்து தன் கையாலேயே கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பெட்டியின் பக்கக் கதவு திறந்தேதான் கிடக்க வேண்டும். என்றைக்கு டீச்சருக்குத் திருப்தியோ அன்றைக்கு அவரே கதவை மூடித் திருகாணி போடுவார். அதுவரை பெட்டி படியிறங்கக் கூடாது.

“டீச்சர் மூடின பெட்டி” என்றால் சாத்தூர் வரைக்கும் மரியாதை. அந்த மிளகாய்ப் பொடியில் பிழைத்தது பாலைவனத்திலும் பிழைக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

வெயிலுமுத்துவுக்கு அப்படி ஒரு பெட்டி உடனே வேண்டியிருந்தது.

அவர் மின்னல் ஸ்டுடியோ முதலாளி. கல்யாண வீடியோ எடுக்கிறவர். மீசை மட்டும் தனியாகத் தெருவில் போனாலும் ஊர் வணக்கம் சொல்லும், அப்படிப்பட்ட மீசை. கடலை மிட்டாய் கம்பெனி தங்கமாரியப்பன் வீட்டுக் கல்யாணத்தை எடுத்து முடித்திருந்தார். படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்த அன்றைக்குப் பழைய கம்ப்யூட்டர் புகை விட்டுக்கொண்டு செத்துப் போனது.

எங்கள் பக்கத்தில், பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கிற அன்றைக்கு இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து கல்யாணப் படத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்குப் படம் வரவில்லை என்றால் அந்தப் படக்காரனுக்கு அதற்கப்புறம் அந்த ஊரில் கல்யாணம் இல்லை.

எதிர்வரிசை ஸ்டுடியோ சண்முகக்கனிக்கு இது நன்றாகத் தெரியும். டீக்கடையில் நாலு பேர் கேட்க அவன் ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

“படம் வரலைன்னா கவலைப்படாதீக அண்ணாச்சி. மறுநாளே எங்கிட்ட வந்திருங்க. லைட்டுப் பிடிக்க ஆள் வேணும்.”

வெயிலுமுத்துவின் கையிலிருந்த டீ அந்தக் கோபத்தில் மறுபடி கொதித்தது.

லைட்டுப் பிடிப்பதா? மின்னல் வெயிலுமுத்துவா?

அவரிடமே லைட்டுப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார். வந்த நாளிலிருந்து அவரை “ஏ லைட்டு” என்றுதான் வெயிலுமுத்து கூப்பிடுவார். டீக்கடையில் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் அந்த லைட்டு. கொஞ்சம் வயதானவர். ஆனால் பார்ப்பதற்கு லட்சணமான மனுஷன், காலில் கட்டு இருந்தாலும் நடையில் ஒரு மிடுக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் கதைக்கு அழகில்லை.

இப்படித்தான் வெயிலுமுத்து மிளகாய் மில் மாடிக்கு வந்து சேர்ந்தார். பின்னால் லைட்டும்.

தும்மல் அடங்கியது.

“எதை முதல்ல வாங்கணும், டீச்சர்?”

டீச்சர் திருப்பிக் கேட்டார்.

“அண்ணாச்சி, கல்யாண வீட்டுல யாரைப் படம் பிடிக்கீக?”

“பொண்ணு மாப்பிள்ளையை.”

“அவங்க முகம் படத்துல தெரியுதுல்லா. எதனால?”

“இதென்ன டீச்சர் கேள்வி. என் கேமராவால.”

டீச்சர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, கண்டுபிடிக்க முடியாத ஆட்டல்.

“சரி. போய் வாங்கிட்டு வாங்க.”

“எதை?”

“உங்க கண்ணுக்கு எது தெரியுதோ அதை.”

வெயிலுமுத்து மதுரைக்குப் பஸ் ஏறினார்.

மதுரைக் கடையில் அவர் கண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. கிராபிக்ஸ் கார்டு. திரையில் படத்தை ஓட்டுவதற்கென்றே பிறந்த பாகம். கண்ணாடி அலமாரியில் தனியாக, விளக்குப் போட்டு, சாமி மாதிரி வைத்திருந்தார்கள். மூன்று காத்தாடி. முதுகில் வெள்ளித் தகடு. எண்ணும் எழுத்துமாக ஒரு நீளப் பேர்.

கொண்டுபோனதில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

மிச்சத்தில் மற்றதெல்லாம். எல்லாக் கணக்கையும் போடுகிற பிராசசர், கடையில் இருந்ததிலேயே சின்னது. பாகங்களையெல்லாம் பொருத்துகிற போர்டு ஒன்று. மெமரி ஒரே ஒரு துண்டு. கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையைத் தனியாக வாங்கவே இல்லை. தகரப் பெட்டி வாங்கினால் உள்ளேயே ஒன்று இனாமாக வந்தது. அதுவே போதும் என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது அந்தக் கார்டுக்கு ஜன்னலோர சீட். அட்டைப்பெட்டியின் பருமனைப் பார்த்த கண்டக்டர், குழந்தை என்றால் அரை டிக்கெட், இது வளர்ந்த ஆள் என்று சொல்லி முழு டிக்கெட் கிழித்துவிட்டார். வெயிலுமுத்து சந்தோஷமாகக் கொடுத்தார். பிராசசர் அவருடைய சட்டைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் கிடந்து வந்தது.

லைட்டு கோவில்பட்டி வரை நின்றுகொண்டே வந்தார். நின்றாலும் கம்பீரமாகத்தான் நின்றார்.

மாடியில் எல்லாவற்றையும் ஒரு போர்வையில் பரப்பினார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார்டின் முழுப்பேரை வெயிலுமுத்து மூச்சு விடாமல் சொன்னார். நடுவில் வருகிற எண்களைக்கூட ராகத்தோடு சொன்னார்.

“மத்ததெல்லாம் என்ன அண்ணாச்சி?”

“மத்ததெல்லாம் கூட்டத்துக்கு, டீச்சர்.”

டீச்சர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

வெயிலுமுத்து கட்டினார். லைட்டு டார்ச் பிடித்தார்.

கார்டைப் பொருத்தினபோது அதன் முதுகோரம் ஒரு வாய் காலியாக இருந்தது. ஏதோ வயர் செருகுகிற வாய் மாதிரித் தெரிந்தது. இனாமாக வந்த பவர் சப்ளையில் அதற்குப் பொருந்துகிற வயர் இல்லை. அது கார்டு மூச்சு விடுகிற துளை என்று வெயிலுமுத்து லைட்டுக்கு விளக்கினார். லைட்டு நம்பினார். முதலாளி சொன்னால் நம்புவது மரியாதை.

அடுத்தது திரையின் வயர். கார்டின் பின்பக்கத்து ஓட்டைகளில் பளபளவென்று கறுப்பு மூடிகள் போட்டிருந்தன. அவற்றைக் கழற்ற வெயிலுமுத்துவுக்கு மனசு வரவில்லை. புதுக்கார் வாங்கினால் சீட்டுக் கவரைக் கழற்றுகிறோமா? ரிமோட்டுக்குப் போட்ட பாலிதீனை எந்த வீட்டிலாவது கிழிக்கிறோமா? மூடி அப்படியே இருக்கட்டும் என்று, பக்கத்தில் போர்டில் சும்மா இருந்த ஓர் ஓட்டையில் வயரைச் செருகினார்.

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

பொத்தானை அமுக்கினார்கள்.

திரையில் படம் வந்தது.

வெயிலுமுத்து போட்ட சத்தத்தில் கீழே மில்லின் பெல்ட் கழன்று விழுந்தது. மாட்டுவதற்குச் சாயங்காலம் ஆயிற்று.

“டீச்சர், கதவை மூடிருங்க.”

“இன்னும் இல்ல.”

“ஓடுதே.”

“ஓடுது. யாரு ஓட்டுறா?”

“இவன்தான்.” கார்டின் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூடாத பெட்டி படியிறங்கக் கூடாது. வெயிலுமுத்து அந்த மாடியிலேயே உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கினார். ஒரு வெட்டு, ஒரு தும்மல். ஒரு ஒட்டு, ஒரு தும்மல். தும்முகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு தடவை காணாமல் போய், தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. பெரிய மனுஷன் நிதானமாகத்தான் நடப்பான் என்று வெயிலுமுத்து எண்ணிக்கொண்டார்.

கார்டின் புகழ் தெருவில் பரவியது. பரப்பியவர் வெயிலுமுத்துதான். அது வேறு விஷயம்.

ஜனங்கள் வந்து பார்த்தார்கள். தும்மினார்கள். தொட்டுப் பார்த்தார்கள். அந்த வெயிலில், அந்தத் தகரத்துக்கு அடியில், கார்டு சில்லென்று இருந்தது. மூன்று காத்தாடியில் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

“காத்தாடி ஏன் சுத்தலை அண்ணாச்சி?”

“இந்த வேலையெல்லாம் அவனுக்குத் தூசி. இன்னும் மூச்சே வாங்கலை.”

மில்காரர் மத்தியானச் சாப்பாட்டு மோரைக் கொண்டுவந்து அதன் முதுகில் வைத்து எடுத்துப்போனார். புளிக்கவில்லை என்றார். பல் வலிக்காரர் ஒருத்தர் கன்னத்தை ஒற்றிக்கொண்டு போனார். வலி விட்டது என்றார்.

சண்முகக்கனியும் வந்தான். தொட்டான். தன் கடைக்குப் போய்த் தன் மெஷினைத் தொட்டான். விரல் கொப்புளித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“இது எப்படிச் சூடாகாம இருக்கு?”

வெயிலுமுத்து மீசையைத் தடவினார்.

“கூலிக்காரனுக்குத்தான் வேர்க்கும். ராஜாவுக்கு வேர்க்குமா?”

அந்தப் பதில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி மாடிக்கே வந்து சேர்ந்தது. டீச்சர் காதிலும் விழுந்தது. டீச்சர் ஒரு பழைய மெஷினிலிருந்து தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் வெயிலுமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது. பெட்டிக்குள் அடியில் எங்கேயோ ஒரு சின்னக் காத்தாடி நிற்காமல் ‘கொய்ங்’ என்று கத்திக்கொண்டே இருந்தது. கெட்டி மேளம் வருகிற இடத்தில்கூட அதன் சத்தம்தான் மேலே கேட்டது.

“டீச்சர், இந்தச் சனியனை நிறுத்த வழி இல்லையா?”

“நிறுத்திருவோமா அண்ணாச்சி?”

டீச்சரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. வெயிலுமுத்துவுக்கு ஏனோ பயம் வந்துவிட்டது.

“வேண்டாம். கத்திட்டுப் போகட்டும்.”

தாலி பிரிக்கிற நாள் வந்தது. படமும் முடிந்தது. பெட்டிதான் இறங்கக் கூடாதே தவிர படம் இறங்கலாம். ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

தங்கமாரியப்பன் வீட்டு ஹாலில் இரண்டு வீட்டாரும் கூடியிருந்தார்கள். சண்முகக்கனியும் ஒரு மூலையில் இருந்தான். யாரும் கூப்பிடவில்லை. வந்திருந்தான்.

படம் ஓடியது.

தாலி கட்டுகிற இடம் வந்தபோது ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. காரணம் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்தன்று கெட்டி மேளம் கொட்டுகிற நேரம் பார்த்து மண்டபத்தில் கரண்டு போய்விட்டது. அவரவர் செல்போனில் எடுத்தவர்களுக்கெல்லாம் இருட்டுதான் மிச்சம்.

வெயிலுமுத்துவின் படத்தில் பெண்ணின் முகம் தெரிந்தது. சுற்றிலும் இருட்டு. நடுவில் அந்த முகம் மட்டும். மூக்குத்தி மின்னியது. கண்ணோரத்தில் ஒரு துளி நின்றது. துளி விழவும் அவள் சிரிக்கவும் சரியாக இருந்தது.

பெண்ணின் தாயார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தங்கமாரியப்பன் எழுந்து வந்து, சம்பந்திக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை வெயிலுமுத்துவின் கழுத்தில் போட்டார். சம்பந்தி கோபித்துக்கொள்ளவில்லை. கைதட்டினார்.

இந்த முகம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று எல்லாரும் கேட்டார்கள்.

“எடுத்தது என் கேமரா. ஓட்டினது என் கார்டு,” என்றார் வெயிலுமுத்து.

அன்றைக்கு அவர் நடந்து போனபோது கரிசல் பூமி அவருக்குக் கீழே ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. நான் பார்த்தேன். கால் தரையில் படவில்லை.

நேராக மிளகாய் மில்லுக்குப் போனார். பின்னால் பாதி ஊர். படியேறும்போது பாதி ஊரும் சேர்ந்து தும்மியதில் பக்கத்துத் தெருவில் தேங்காய் விழுந்தது.

“டீச்சர், ஜெயிச்சாச்சு.”

“கேள்விப்பட்டேன்.”

கழுத்து மாலையைக் கழற்றினார். திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் குனிந்து, கார்டின் மேல் அதைச் சார்த்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இப்ப கதவை மூடிருங்க.”

டீச்சர் எழுந்து வந்தார்.

பெட்டியின் கரண்டை அணைத்தார். மாலையை எடுத்து வெயிலுமுத்துவின் கையிலேயே கொடுத்தார். கார்டின் காத்தாடி ஒன்றின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டி, விரலை எல்லாருக்கும் காட்டினார்.

செக்கச்செவேல் என்று மிளகாய்ப் பொடி. தட்டில் கொட்டி நிரவினது போல, கலையாமல், ஒரே சீராகப் படிந்திருந்த பொடி.

பிறகு கார்டின் திருகாணியைக் கழற்றினார்.

“டீச்சர், பாத்து, பாத்து.”

டீச்சர் பார்த்துத்தான் கழற்றினார். கார்டை முழுசாக வெளியே எடுத்தார். வெயிலுமுத்துவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, குழந்தையைக் கொடுப்பது போல மடியில் வைத்தார்.

பொத்தானை அமுக்கினார்.

திரையில் படம் வந்தது.

தங்கமாரியப்பன் வீட்டுக் கல்யாணம். நாதஸ்வரம். தாய்மாமன். எல்லாம் முன்பு ஓடியது போலவே ஓடியது. ஒரு முடி குறையவில்லை.

மாடியில் யாரும் தும்மவில்லை. எப்படி நின்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டீச்சர் நகத்தால் கார்டின் கறுப்பு மூடிகளை ஒவ்வொன்றாகத் தெறிக்கவிட்டார்.

“கவரையே கழட்டலை அண்ணாச்சி. திரை வயரைப் போர்டுல செருகிட்டீக. இந்தா இருக்கே வாய், இது மூச்சு விட இல்ல, கரண்டு கொடுக்க. ஒரு நாளும் கொடுக்கலை.”

வெயிலுமுத்து மடியைப் பார்த்தார். அது சில்லென்று இருந்தது. வந்த நாளிலிருந்து அப்படித்தானே இருந்தது.

சண்முகக்கனி சிரிக்கத் தொடங்கினான். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டான்.

“அப்ப, இம்புட்டு வேலையும் செஞ்சது?”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டிக்குள் காட்டினார். அடியில், அந்தச் சின்னக் காத்தாடி ‘கொய்ங்’ என்று கத்திக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளில் பொடி திட்டுத்திட்டாக அப்பிக் கறுத்திருந்தது. அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், சட்டைப்பையில் சீப்போடு வந்தது உட்கார்ந்திருந்தது.

“அதுக்குப் பேரு என்ன, அண்ணாச்சி?”

வெயிலுமுத்து வாயைத் திறந்தார். கார்டின் நீளப்பேர் எண்களோடு நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“தெரியாது, டீச்சர்.”

பெட்டியின் கதவு சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை அவர் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். இனி அது மூடப்போவதில்லை என்று மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்படி என்றால் ஸ்டுடியோவுக்கு மெஷின் இல்லை. எதிர்வரிசையில் ஒரு வேலை காலியாக இருக்கிறது.

டீச்சர் கதவை விட்டுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

“முதல் நாள் ஒண்ணு கேட்டேன். பொண்ணு முகம் தெரியுதே, எதனாலன்னு.”

திரையில் அந்த இடம் வந்துகொண்டிருந்தது. மேளம் கொட்டியது. கரண்டு போனது. சுற்றிலும் இருட்டு. நடுவில் அந்த முகம்.

கேமராவால் என்று சொல்லப்போன வெயிலுமுத்து, சொல்லாமல் நிறுத்தினார்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறது அது? இடப்பக்கத்திலிருந்து. கொஞ்சம் மேலேயிருந்து. ஆடாமல்.

அன்றைக்கு மண்டபத்தில் இருட்டியதும் எல்லாரும் எல்லார் மேலும் மோதிக்கொண்டு ஓடினார்கள். பாயசம் பரிமாறுகிறவன் தடுக்கி விழுந்து, கொதிக்கிற வாளியை ஒருத்தர் காலில் கவிழ்த்தான். அந்த ஆள், தலைகீழாகக் கிடந்த அண்டா ஒன்றின் மேல் ஏறி நின்று, பாட்டரி விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். காலில் பாயசம் ஓடியது. முந்திரிப்பருப்பு விரலிடுக்கில் நின்றது. விளக்கு ஆடவில்லை. தாலி ஏறி மூன்று முடிச்சும் விழுகிறவரை ஆடவில்லை. பிறகுதான் அவர் இறங்கி வந்து, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்ததை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பு என்று வெயிலுமுத்து சொன்னார்.

இப்போது அது ஞாபகம் வந்தது.

வெயிலுமுத்து மடியிலிருந்த கார்டைத் தரையில் வைத்தார். மெதுவாக எழுந்தார். மாலை கையில்தான் இருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால், படியோரத்தில், ஒரு கால் கட்டோடு நின்றவரைத் தேடிப் போனார். கூட்டம் விலகி வழி விட்டது.

கிட்டே போனதும் ‘ஏ’ என்று வாயில் வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி,” என்றார். “உங்க பேரு என்னங்க?”

பின்னால் கதவு பெட்டியில் பொருந்துகிற சத்தம் கேட்டது. திருகாணி திரும்புகிற சத்தம் கேட்டது.

அந்த மனுஷன் நிமிர்ந்து நின்று பேரைச் சொன்னார். அப்பா பேரோடு சேர்த்து, மில்லின் இரைச்சலுக்கு மேலே, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

அது என்ன பேர் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம். திறந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது யார் என்று ஊருக்குத் தெரிந்துபோகும்.